எலிசியோ மூடிய இடைவெளி

எலிசியோ பன்யுவேலோஸின் அறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு கத்தி. திராட்சைக் குலை அறுக்கிற வளைந்த சின்னக் கத்தி. கண்ணாடிச் சட்டத்துக்குள் வெல்வெட் துணி விரித்து, மேலே ஒரு குட்டி விளக்கும் போட்டு மாட்டியிருந்தான். வருகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்க வேண்டும். கேட்டால் உடனே பதில் வராது. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் திராட்சைத் தோட்டத்துப் பிள்ளை" என்று ஆரம்பிப்பான். எனக்கு அந்தக் கதை மனப்பாடம். எந்த இடத்தில் குரல் கம்மும், எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சுவான் என்பது வரைக்கும் தெரியும்.

நடந்தது என்னவென்றால், அவன் அப்பா தோட்டத்தில் மேஸ்திரி. ஏசி போட்ட வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஆள் விரட்டியவர். இவன் பதினைந்து வயதில் கிதாருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டுமென்று அடம்பிடித்து, சம்பாதித்துக் காட்டுகிறேன் என்று ஒரு கோடையில் தோட்டத்துக்குப் போனான். கோடை பாதி கூடத் தாண்டவில்லை, முதுகு பிடித்துக்கொண்டது என்று வீட்டில் படுத்துவிட்டான். ஆம்ப்ளிஃபயரை அப்பாதான் வாங்கித் தந்தார். இதை எனக்குச் சொன்னது வேறு யாருமில்லை, அவனைப் பெற்ற தோன்யா குக்காவே.

"அந்தக் கத்தி என்னோடது நத்தாலியா. சமையக்கட்டுல பூசணிக்காய் அறுக்க வச்சிருந்தேன். கேக்காம எடுத்துட்டு வந்து செவுத்துல மாட்டிக்கிட்டான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

நான் நத்தாலியா போர்பா. பல்மேரா சமுதாயக் கல்லூரியில் அவன் அலுவலகத்துச் செயலாளர். அவன் இங்கே மாணவனாக இருந்து, சில்லறை வேலைக்கு வந்து, பிரிண்டருக்குக் காகிதம் போட்டுக்கொண்டிருந்த காலத்திலிருந்து அவனைத் தெரியும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பால்மாடு. அதனால் சாணி எது, பேச்சு எது என்று பிரித்துப் பார்க்கிற மூக்கு எனக்கு உண்டு. ஊழியர் சங்கத்தில் நான் பிரதிநிதி என்பதால் வாயைத் திறந்தாலும் என்னை வேலையைவிட்டு அனுப்ப முடியாது. இல்லாவிட்டால் என்றைக்கோ அனுப்பியிருப்பான்.

எங்கள் கல்லூரி பேர்போன பல்கலைக்கழகமெல்லாம் இல்லை. பழக் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு அந்த ஈரச் சட்டையோடு வகுப்புக்கு ஓடி வருகிறவர்கள், பிள்ளை பெற்றபிறகு படிக்க வந்தவர்கள், ஒரு தடவை விட்டுவிட்டு வெட்கத்தோடு திரும்பி வந்தவர்கள், இவர்களுக்கான இடம். யார் வேண்டுமானாலும் சேரலாம். சேருவது சுலபம், முடிப்பதுதான் பாடு. முடிக்கிறவர்களில் எங்கள் மெக்சிகோ வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைச்சல். இதற்குத்தான் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவிலிருந்து ஆண்டுதோறும் தனியாக நிதி வருகிறது. யார் பின்தங்குகிறார்கள் என்று பார், ஏன் என்று கேள், ஒரு திட்டம் எழுது, அந்த இடைவெளியை மூடு என்பது உத்தரவு. உத்தரவில் ஒரு குறையும் இல்லை. நல்ல உத்தரவுதான். அது எலிசியோ கையில் வந்து மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆள் எப்படி இந்த அலுவலகத்துக்கு இயக்குநர் ஆனான் என்று கேட்காதீர்கள். கூட்டத்தில் எல்லோரும் பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டான். கடைசியில், "நான் கேக்கறது என்னன்னா" என்று ஆரம்பித்து, மற்றவர்கள் சொன்னதையே இன்னும் கொஞ்சம் மெழுகி அவர்களிடமே திருப்பித் தருவான். அவரவர் சொன்னது அவரவர் காதுக்கு இனிக்கத்தானே செய்யும். அப்படியே ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து மேலே வந்துவிட்டான். திருடன் என்று சொல்லமாட்டேன். ஒரு காசு எடுத்தவன் இல்லை. திருடனாக இருந்திருந்தால் கொஞ்சம் மதித்திருப்பேன், திருடனுக்காவது தான் என்ன செய்கிறோம் என்று தெரியும்.

திட்டம் எழுதுகிற வருடம் வந்தது. மனித உடற்கூறு பாடம் நடத்துகிற மாய் லோர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். ஆசிய மலைக்குடியான மாங் இனத்துப் பெண், குள்ளம், நடக்கும்போதே பாதி ஓட்டம். செவிலியர் படிப்புக்குப் போக வேண்டுமென்றால் அவள் பாடத்தைத் தாண்டாமல் முடியாது. அங்கேதான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள். ஏன் கவிழ்கிறார்கள் என்றால், எலும்பு, தசை மாதிரிகளை எல்லாம் ஆய்வுக்கூடத்தில் கையில் எடுத்துப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். ஆய்வுக்கூடமோ வார நாளில் மட்டும் திறந்திருக்கும். வார நாளில் அந்தப் பெண்கள் கிடங்கில் நிற்கிறார்கள். சனிக்கிழமை காலையில் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வையுங்கள், மேற்பார்வைக்கு ஒரே ஒரு ஆள் போடுங்கள், இதுதான் அவள் கேட்டது. ஒரு பக்கத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தாள்.

எங்கள் ஊர் வழக்கப்படி கல்லூரித் திட்டக் குழு எதையும் ஒரே கூட்டத்தில் முடிவு செய்யக்கூடாது. முதல் கூட்டத்தில் வாசிக்க மட்டும் செய்யலாம், ஓட்டுப் போடக்கூடாது. அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி வாசித்து ஓட்டுப் போடலாம். மாய் லோரின் சனிக்கிழமையை முதல் தடவை வாசித்தார்கள், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இரண்டாவது கூட்டத்துக்குத் தேவையான ஆள் வரவில்லை. அதற்கடுத்தது பட்டமளிப்பு வாரம். பிறகு கோடை, கூட்டமே கிடையாது. இலையுதிர் காலத்தில் குழுவுக்குப் புது உறுப்பினர்கள் வந்தார்கள், அவர்களுக்காக மறுபடி முதல் வாசிப்பு. கடைசியில் எலிசியோ, "நான் கேக்கறது என்னன்னா, இது ஒரு வகுப்புக்கு மட்டும் உள்ள தீர்வு. நமக்கு வேணும்கறது கலாசார மாற்றம்" என்றான். அதோடு சனிக்கிழமைக்குச் சங்கு ஊதியாயிற்று.

கலாசார மாற்றம் வந்தது. விளக்குக் கம்பத்துக்கு ஒன்றாக, "இது உன் இடம்" என்று எழுதிய பதாகைகள் தொங்கின. ஊதா நிறத்தில் சட்டைகள் வந்தன. ஜூன் மாதம் முடிவதற்குள் மிச்சப் பணத்தைச் செலவழிக்க வேண்டுமே என்று தண்ணீர்க் குப்பிகள் வந்தன, இன்னும் என் மேசைக்கடியில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. சான் டியாகோவிலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். ஒரு மென்பொருள் வந்தது. எந்த மாணவர் வகுப்புக்கு வரவில்லை, யார் முதல் தேர்வில் கோட்டைவிட்டார் என்று பார்த்து அது சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் காட்டும்.

அந்த ஆலோசகர் சும்மா போகிற போக்கில்தான் ஒன்றைச் சொன்னார். பருவம் தொடங்கிச் சில வாரத்தில் அரசாங்கக் கணக்கெடுப்பு நாள் வரும். அன்றைக்கு வகுப்பில் பெயர் இருக்கிறவர்களை வைத்துத்தான் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் தோற்றார்கள் என்று பின்னால் கணக்குப் போடுவார்கள். அதற்கு முந்தியே வகுப்பை விட்டவர் தேறியவருமில்லை, தோற்றவருமில்லை. அவர் வரவே இல்லை. ஆலோசகர் இதைச் சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்கப் போய்விட்டார். எலிசியோ முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அந்த மண்டைக்குள் சொந்தமாக உதித்த ஒரே யோசனை அதுவாகத்தான் இருக்கும்.

இதை யாரும் ஒளித்து மறைத்துச் செய்யவில்லை, அதுதான் கொடுமை. 'அக்கறை அழைப்பு' என்று திட்டத்திலேயே பெயர் போட்டு எழுதினான். சிவப்பு நிறத்தில் இருக்கிற ஒவ்வொருவரையும் கணக்கெடுப்புக்கு முந்தின வியாழக்கிழமை நாமே போனில் கூப்பிட்டு, தோற்றுப்போய்ப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், இப்போதே விலகினால் பதிவில் ஒரு கறையும் இருக்காது, தயாரானபிறகு திரும்பி வாருங்கள் என்று அன்பாகச் சொல்ல வேண்டும். தலை குறைந்தால் அரசு தருகிற பணமும் குறையுமே என்று கணக்குப் பிரிவு முனகியது. இடைவெளியை மூடிக்காட்டினால் அதைவிடக் கூட வரும் என்று அதன் வாயை அடைத்தான். என் வாயை அடைக்க முடியவில்லை.

"ஏன்டா, பாலு திரிஞ்சா மாட்டைப் பாக்கணுமா, பானையை ஒளிச்சு வைக்கணுமா?" என்று கேட்டேன்.

"நத்தாலியா, உங்களுக்கு எப்பவுமே எதிர்மறையான எண்ணம். அவங்க முடிவை அவங்க எடுக்கறாங்க. நாம கூட நடக்கறோம், அவ்வளவுதான்" என்றான். கூட நடக்கிறானாம். வாசல் வரைக்கும் கூட நடந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதற்குப் பெயர் அது.

அந்த வியாழக்கிழமை பெரிய அறையில் பலூன் கட்டி, பீட்சா வரவழைத்து, எல்லோரையும் ஊதாச் சட்டை போடச் சொன்னான். பேச வேண்டிய வாசகத்தை அட்டையில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தான். "வணக்கம். உங்க மேல அக்கறை இருக்கற ஒருத்தர் பேசறேன்" என்று அது ஆரம்பிக்கும். நானும் ஒரு போனை எடுத்தேன். முதல் பையனிடமே, "அட்டை கிடக்கட்டும். நேரா வாத்தியார் அறைக்குப் போய்க் கதவைத் தட்டு, எது புரியலன்னு கேளு" என்று சொன்னேன். இரண்டாவது பெண்ணிடமும் அதையே சொன்னேன். மூன்றாவதுக்குள் எலிசியோ வந்து போனை வாங்கிக்கொண்டு, பீட்சா பரிமாறுகிற பொறுப்பை எனக்கு அன்போடு அளித்தான்.

அதனால்தான் அவன் பக்கத்தில் நின்றேன். ஒரு கையில் பீட்சாத் துண்டு, ஒரு கையில் அட்டை, போன் ஸ்பீக்கரில். திரையில் வருகிற பெயரை வாசிப்பது, அட்டையை ஒப்பிப்பது, சரி என்றால் ஒரு குறி போடுவது, அடுத்தது. ஒரு பெண் எடுத்தாள். பின்னால் கிடங்கு பெல்ட் ஓடுகிற இரைச்சல்.

"வணக்கம் யெசேனியா. உங்க மேல அக்கறை இருக்கற ஒருத்தர் பேசறேன்."

அவன் மெதுவாக மென்றுகொண்டே மீதியை வாசித்து முடித்தான்.

"விட்டுடறதுதான் நல்லதுங்கறீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"உங்க எதிர்காலத்துக்கு அதுதான் நல்லது."

"நீங்க சொன்னா சரி" என்றாள். இவன் குறி போட்டான். "பாத்தீங்களா, எவ்வளவு நிம்மதியாப் பேசறாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினான்.

அடுத்த வாரம் மாய் லோர் எங்கள் அலுவலகக் கதவை உடைக்காத குறையாகத் திறந்துகொண்டு வந்தாள். யெசேனியா ஏன் போனாள் என்று கேட்டாள். வேதியியல், நுண்ணுயிரியல் எல்லாம் அந்தப் பெண் எப்போதோ முடித்துவிட்டாள். நடுவில் குழந்தை பிறந்ததால் நின்று போயிருந்தது. பாக்கி இருந்தது உடற்கூறு ஒன்றுதான். செவிலியர் படிப்பில் ஒரு விதி உண்டு, ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட அறிவியல் பாடம் செல்லாது. இந்தப் பருவத்தில் உடற்கூறை முடித்திருந்தால் வருகிற ஆண்டில் அவளுக்கு இடம் உண்டு. முடிக்காவிட்டால் வசந்தத்தில் அவள் படித்ததெல்லாம் காலாவதி. திராட்சை சீசன் என்று கிடங்கில் ஷிப்டை மாற்றிவிட்டதால் ஆய்வுக்கூடத்துக்கு வர முடியாமல் முதல் தேர்வில் சறுக்கினாள், அவ்வளவுதான். அவள் மூளைக்கு இரண்டு சனிக்கிழமை கொடுத்திருந்தால் போதும், எழுந்து உட்கார்ந்திருப்பாள் என்றாள் மாய். எலிசியோ இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டான். பிறகு, அது அவங்க முடிவு, நாம் மதிக்க வேண்டும் என்றான். யார் அந்தப் பெண் என்று கூடக் கேட்கவில்லை. மாய் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வசந்தத்தில் எண்கள் வந்தன. இடைவெளி மூடிவிட்டது. ஏறக்குறைய காணாமலே போய்விட்டது. மாநிலத்திலிருந்து ஒரு பாராட்டுக் கேடயம் வந்தது. கல்லூரித் தலைவி சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு விழா ஏற்பாடு செய்தார். குடும்பத்தோடு வாருங்கள் என்று அழைப்பு. எலிசியோ அம்மாவைக் கூட்டி வந்தான். அம்மா, ஞானஸ்நான உறவில் கொமாத்ரே என்று கூப்பிடுகிற இணைபிரியாத தோழி ஒஃபேலியாவைக் கூட்டி வந்தார். ஒஃபேலியா தன் மகளைக் கூட்டி வந்தாள். அந்த மகளுக்குக் கோயிலில் ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன், எங்கள் பேச்சில் பத்ரீனோ, நம் எலிசியோதான். எங்கள் ஊரில் அது சும்மா சடங்கில்லை. பெற்ற அப்பன் இல்லாத வீட்டில் பத்ரீனோ சொன்னால் சொன்னதுதான். ஒஃபேலியாவின் புருஷன் என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டான். கல்யாணத்துக்கு மணமகளைக் கைப்பிடித்து நடத்திப் போனதும் இவன்தான். முன்வரிசை மேசையில் அவர்களை உட்கார வைத்து, நான் தண்ணீர் ஊற்றினேன். பெண்ணின் பெயரைக் கேட்டேன்.

"யெசேனியா" என்றாள்.

குரல் எனக்குத் தெரிந்திருந்தது. கிடங்கு இரைச்சல் மட்டும்தான் இல்லை. என் கையிலிருந்த ஜாடி மேசைமேல் டொக்கென்று உட்கார்ந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் மேடையில் மைக் கனைத்தது.

எலிசியோ பேச்சில் கத்திக் கதை வந்தது, ஆம்ப்ளிஃபயர் வரவில்லை. கேடயத்தைத் தூக்கிக் காட்டினான். திரையில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று இரண்டு தேர்ச்சிக் கோடு ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன. கூடம் கைதட்டியது. தட்டல் போதவில்லைபோல் இருக்கிறது, உற்சாகம் தலைக்கேறி, "இந்தக் கோடெல்லாம் வெறும் எண்கள் இல்ல. என் சொந்த ஞானமகள் இங்கதான் நர்சிங்குக்குப் படிக்கறா. யெசேனியா, எழுந்து வா மிஹா, என் மகளே, ரெண்டு வார்த்தை சொல்லு" என்றான். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். கூடம் விடவில்லை, தட்டியது. ஒஃபேலியா மகளின் கையைப் பிடித்தாள், போகச் சொல்கிறாளா தடுக்கிறாளா என்று தெரியவில்லை. அவள் போனாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கை நகத்தில் பழக்கறை.

"நான் இப்ப இங்க படிக்கல. செப்டம்பர்லயே விட்டுட்டேன்" என்றாள். அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "பத்ரீனோதான் போன் பண்ணி விடச் சொன்னாரு. அவருக்கே தெரியும். வேற யார் சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். அவர் பாத்துத்தான் சொல்லுவார்னு விட்டேன்."

எலிசியோவின் வாய் திறந்தபடி நின்றது. இந்த இடத்தில் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சமாவது சுரணை வரும் என்று நினைத்தேன். கல்லூரித் தலைவி எழுந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "உங்க பயணத்தை எங்களோட பகிர்ந்துக்கிட்டதுக்கு நன்றி யெசேனியா. இதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும்" என்றார். கூடம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. சிலருக்குக் கண்ணில் தண்ணீர். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை, மைக்கைப் பிடித்துச் சொன்னாள் என்பது மட்டும்தான் ஏறியது. பிறகு கேக் வெட்டினார்கள். நான் என் தட்டை அப்படியே குப்பையில் கவிழ்த்தேன்.

எலிசியோ கேடயத்தோடு முன்வரிசை மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகம் வெளிறிக் கிடந்தது.

"அது நீதான்னு எனக்குத் தெரியாது மிஹா. சத்தியமா."

"பேர் சொல்லித்தானே கூப்பிட்டீங்க" என்றாள் யெசேனியா. "வணக்கம் யெசேனியான்னீங்க. நீங்க வாங்கன்னு பேசறீங்களே, ஆபீஸ்ல நாலு பேர் இருக்காங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன். அக்கறை இருக்கற ஒருத்தர்னு வேற சொன்னீங்க. அப்புறம் என்ன கேக்கறது."

அவன் என்னைப் பார்த்தான், உதவிக்கு. நான் தண்ணீர் ஜாடியைப் பார்த்தேன். கொஞ்சம் தெம்பு வந்தபிறகு பழைய குரல் திரும்பியது. "பரவாயில்ல. நல்லா யோசிச்சுப் பாரு, உனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. உன் பதிவு அப்படியே சுத்தமா இருக்கு. நீ தோத்ததா எங்கயுமே இல்ல."

"ஜெயிச்சதா இருக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டுமே இல்ல. அதைத்தான் சொல்றேன்."

ஒஃபேலியா கேக் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளையின் ஞானத்தகப்பனைக் கூப்பிடுகிற முறை சொல்லியே அவனைக் கூப்பிட்டாள். "சுத்தமாத்தான் இருக்கும் கொம்பாத்ரே. சோறே போடாத தட்டு சுத்தமாத்தான் இருக்கும்" என்றாள். பிறகு வேதியியல் காலாவதி ஆன கதையை அவள்தான் சொன்னாள். மகள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். விதிவிலக்கு வாங்கித் தருகிறேன், யாரிடமாவது பேசுகிறேன் என்றான் எலிசியோ. பேசினான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வரி மின்னஞ்சல் போட்டான், முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த விதி யாருக்காகவும் வளைகிற விதி இல்லை. கொஞ்சம் முன்னாடியே கேட்டிருந்தால் மாய் லோரே அதை அவனுக்குச் சொல்லியிருப்பாள். சொன்னாள் கூட.

மறுநாள் காலையில் தோன்யா குக்கா அலுவலகத்துக்கு வந்தார். மகன் இல்லை. நேராக அவன் அறைக்குள் போய் நாற்காலி மேல் ஏறி, சட்டத்தோடு கத்தியைக் கழற்றினார். முழங்காலில் வைத்துச் சட்டத்தின் பின்பக்கத்தைப் பெயர்த்துக் கத்தியை மட்டும் எடுத்து, கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடியை அவன் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று, "ஞானஸ்நானத்தன்னிக்கு அந்தப் புள்ளைய அவன் கையில குடுத்தப்ப, பத்திரமாப் பிடிடான்னு நான்தான் சொன்னேன்" என்றார். என்னிடம் சொன்னாரா, அந்தச் சுவரிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஒரு தாய் வந்து சுவரை வெறுமையாக்கிவிட்டுப் போயிருக்கிறாள். வேறு மனுஷனாக இருந்தால் அந்த வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டாவது இருந்திருப்பான். இவன் அடுத்த வாரமே இணையத்தில் இன்னொரு கத்தி வாங்கினான். புதுசாக இருக்கிறதே என்று தோன்றியிருக்கும், பிடியைக் கொஞ்சம் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்துப் பழசாக்கி மாட்டினான். விளக்கு மட்டும் பழைய விளக்கு.

யெசேனியா இலையுதிர் காலத்தில் மறுபடி சேர்ந்தாள். வேதியியல், அ ஆவிலிருந்து. பையனை அம்மாவிடம் விட்டுவிட்டு, கிடங்கிலிருந்து நேராக வருகிறாள். அவளை ஒரு தடவை விளக்குக் கம்பத்துக்குக் கீழே பார்த்தேன், தலைக்கு மேல் பதாகை ஆடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை, கையில் பாதி சாப்பிட்ட பர்ரீட்டோவோடு ஓடிக்கொண்டிருந்தாள். மாய் லோரின் சனிக்கிழமை மறுபடி முதல் வாசிப்புக்கு வந்திருப்பதாகக் கேள்வி.

கணக்கெடுப்புக்கு முந்தின வியாழன் வந்தது. பலூன், பீட்சா, ஊதாச் சட்டை. அழைக்க வேண்டிய பெயர்களை மென்பொருளிலிருந்து இறக்குவது என் வேலை. இறக்கினேன். யெசேனியா சிவப்பில் இருந்தாள். பாடத்தில் அவள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் பதிவில் கறை இல்லாவிட்டால் என்ன, போன வருடம் ஒரு வகுப்பை நடுவில் விட்டவள் என்பதால் இந்த வருடமும் விடக்கூடியவள் என்று அந்த மிஷின் சிவப்படித்து வைத்திருந்தது. நான் திரையை எலிசியோ பக்கம் திருப்பினேன். பார்க்கட்டும், இப்போதாவது உறைக்கட்டும் என்று நினைத்தேன்.

பார்த்தான். நன்றாகவே பார்த்தான். முகம் சிவந்து, கண் கலங்கி, ஒரு நிமிஷம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். என்னடா, மனுஷன் மாறிவிட்டானா என்று எனக்கே ஒரு கணம் நெஞ்சு இளகியது. அவன் என் காதருகே குனிந்தான்.

"நத்தாலியா, அந்த ஒரு பேரை மட்டும் எடுத்துடுங்க" என்றான்.

"மத்தவங்க?"

புரியாதவன் மாதிரி என்னைப் பார்த்தான். உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான், அட்டையை எடுத்தான், திரையில் அடுத்து இருந்த பெயரைத் தொட்டான். அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

"வணக்கம் மரிசேலா. உங்க மேல அக்கறை இருக்கற ஒருத்தர் பேசறேன்."